ரூபாய்க்கு எத்தனை படி? வெள்ளைக்காரன் காலத்து விலைவாசியைத் தேடுபவர்களுக்கு

குடும்ப வரலாறு எழுதுபவர்கள், நாவலுக்குத் தகவல் சேர்ப்பவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். பெரும்பாலும் சென்னை மாகாணம், அதாவது 1800-க்குக் கொஞ்சம் முன்னாலிருந்து 1947 வரை. இலங்கைக்காரர்களுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

"எங்க தாத்தா காலத்துல ரூபாய்க்கு எட்டுப் படி அரிசி" என்கிறார்களே, உண்மையா?

உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த ஊர்ப் படி? தஞ்சாவூர்ப் பக்கத்துப் படியும் மதராஸ் பட்டணத்துப் படியும் ஒன்றல்ல. எந்த மாதம்? சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் களத்து மேட்டில் விற்ற விலையும், குதிர் காலியாகிக் கிடக்கும் ஆடியில் கடையில் வாங்கிய விலையும் வேறு வேறு. அரிசியா நெல்லா, பச்சையா புழுங்கலா, முதல் ரகமா மட்ட ரகமா? இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: அந்த ஒரு ரூபாயைச் சம்பாதிக்க தாத்தா எத்தனை நாள் வேலை செய்தார்? இதைக் கேட்காமல் "அது பொற்காலம்" என்று பெருமூச்சு விடுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அணா, பை கணக்கு சுத்தமாகப் புரியவில்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 பை. பையைத்தான் நம் பக்கத்தில் தம்பிடி என்றார்கள். காலணா என்றால் 3 பை, அரையணா 6 பை. ஆக ஒரு ரூபாய்க்கு 64 காலணா, 192 பை. பழைய தாள்களில் 1-12-0 என்று கோடு போட்டு எழுதியிருந்தால் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. 'தி ஹிந்து' பத்திரிகையின் முதல் இதழை 1878-இல் 80 பிரதிகள் அச்சடிக்கக் கடன் வாங்கியது இந்தத் தொகைதான், இன்றைய வாய்ப்பாட்டில் ஒன்றே முக்கால் ரூபாய்.

கணினியில் ஏற்றும்போது 1-12-0 என்பதை 1.12 என்று அடித்துவிடாதீர்கள், மொத்தக் கணக்கும் நாசமாகிவிடும். ரூபாய், அணா, பை மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்து, நான்காவது கட்டத்தில் எல்லாவற்றையும் பையாக மாற்றிக்கொள்ளுங்கள். 0-2-9 என்றால் 33 பை, அவ்வளவுதான். இன்னொன்று, நூறு பைசா ஒரு ரூபாய் என்பது 1957 ஏப்ரலில் வந்த ஏற்பாடு. அதற்கு முந்தைய தாளில் 'பைசா' என்று இருந்தால் அது காலணா.

1800 வாக்கில் உள்ள ஆவணத்தில் ரூபாயே இல்லை, வராகன், பணம், காசு என்று இருக்கிறது.

1818 வரை சென்னையில் கம்பெனியின் கணக்கே வராகன் என்ற தங்க நாணயத்தில்தான் நடந்தது. ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-இல் ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் போட்டார்கள், அதாவது ஒரு வராகன் மூன்றரை ரூபாய். இது கச்சேரிக் கணக்கு, அதாவது அரசு அலுவலகக் கணக்கு. கடைத்தெருவில் வராகனுக்குக் கிடைக்கும் பணம் 42-ஐத் தாண்டியும் போகும், நாளுக்கு நாள் மாறும், நடுவில் நாணயம் மாற்றித் தரும் சராப்பு தன் வட்டத்தை, அதாவது கழிவை, பிடித்துக்கொள்வார். வராகன் பெரிய வியாபாரியின் கையில் புரண்டது. ஏழை மிளகாய் வாங்கியது செப்புக் காசில். ஆகவே வராகனில் விலை அசையாமல் நின்ற மாதத்திலும் காசில் விலை ஏறியிருக்கலாம். பரங்கிப்பேட்டை வராகன் போல வேறு வராகன்களும் புழக்கத்தில் இருந்தன, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டாதீர்கள்.

படி, வீசை, மணங்கு: இவற்றை எப்படிக் கிலோவாக்குவது?

எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். விலையைக் கண்டுபிடிப்பது சுலபம், அளவையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

எடை அளவைக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. 1835-க்குப் பிறகு வந்த வெள்ளி ரூபாய் நாணயத்தின் எடை 180 கிரெய்ன், அதுவே ஒரு தோலா, சுமார் 11.66 கிராம். தராசில் படிக்கல்லுக்குப் பதிலாக ரூபாயையே வைத்து நிறுத்துவிடலாம். மூன்று தோலா ஒரு பலம், 24 தோலா ஒரு சேர், ஐந்து சேர் (அதாவது 40 பலம், 120 தோலா) ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு கண்டி. கிராமில் சொன்னால் பலம் 35 கிராம், சேர் 280 கிராம், வீசை 1.4 கிலோ, மணங்கு 11 கிலோவுக்குச் சற்று மேல். புளி, மிளகாய், வெல்லம், எண்ணெய் எல்லாம் வீசைக் கணக்கில் கிடைக்கும்.

இப்போது பொறி. இந்திய அரசின் ஆங்கிலப் பட்டியல்களில் 'சேர்' என்று இருக்கும் இடத்தில் நம் ஊர் 24 தோலாச் சேரை நினைத்தால் கதை முடிந்தது. அது 80 தோலாச் சேர், 933 கிராம். அந்த 40 சேர் ஒரு மணங்கு, 37 கிலோவுக்கு மேல். நம் சென்னை மணங்கோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "ரூபாய்க்கு 10 சேர் அரிசி" என்பதை ஒருவர் 2.8 கிலோ என்று படிப்பார், இன்னொருவர் 9.3 கிலோ என்று படிப்பார், இருவரும் அடிக்குறிப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முகத்தல் அளவை இன்னும் மோசம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்று வாய்ப்பாடு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும். பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று உண்டு. ஒரே படியையும் தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, கும்பமாக அளந்தால் வேறு கணக்கு. வாங்கும்போது கும்பம், விற்கும்போது தலைதட்டு என்று சாமர்த்தியம் செய்தவர்களும் இருந்தார்கள். என்ன செய்யலாம் என்றால், அந்த மாவட்டத்தின் பழைய மேனுவலை (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) எடுத்து, விலைப் பகுதிக்குப் போவதற்கு முன்னால் அளவைகள் பற்றிய பகுதியைப் படியுங்கள். அங்கே அந்த ஊர்ப் படி எத்தனை தோலா அரிசி கொள்ளும் என்பது போன்ற குறிப்பு கிடைத்தால் பிழைத்தீர்கள்.

பட்டியலில் எண் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் கட்டுரையில் "விலை வீழ்ந்தது" என்று இருக்கிறதே?

பட்டியல் தலைகீழானது. அரசு விலைப்பட்டியல்கள் பெரும்பாலும் "ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர்" என்று சொல்லும். எண் கூடினால் விலை மலிவு, குறைந்தால் ஏற்றம். இதுவரைக்கும் சரி. சராசரி எடுக்கும்போதுதான் தப்பு நடக்கும். ஒரு வருடம் ரூபாய்க்கு 10 சேர், அடுத்த வருடம் 20 சேர் என்றால் சராசரி 15 சேர் என்று போடத் தோன்றும். ஆனால் முதல் வருடம் சேர் விலை 19.2 பை, இரண்டாம் வருடம் 9.6 பை. அவற்றின் சராசரி 14.4 பை, அதாவது ரூபாய்க்கு 13 சேரும் சொச்சமும். முதலில் எல்லாவற்றையும் ஒரு சேரின் விலையாகத் திருப்பிவிட்டு அப்புறம் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். பஞ்ச வருடங்கள் நடுவில் வந்தால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

சரி, இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

முதலில் மாவட்ட மேனுவல்களும் கெஜட்டியர்களும். மதுரைக்கு நெல்சன் எழுதியது 1868, திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் 1879, சேலத்துக்கு லெஃபானு 1883, கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் 1887. 1906 வாக்கில் வந்த கெஜட்டியர்கள் தனி. இவற்றில் பல இணைய ஆவணக் காப்பகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்கு மேல் வருடா வருடம் தொடர்ச்சி வேண்டுமென்றால் இந்திய அரசு வெளியிட்ட விலை, கூலி அறிக்கைகள், சென்னை மாகாணத்தின் பருவம் மற்றும் பயிர் அறிக்கைகள், செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட். 1890 முதல் 1912 வரையிலான விலையேற்றத்தை மட்டும் ஆராய்ந்து கே.எல். தத்தா தலைமையில் 1914-இல் ஒரு பெரிய அறிக்கையே வந்தது. அச்சில் வராத ரெவின்யூ போர்டு நடவடிக்கைகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே போகும் முன் அனுமதி விதிகளை விசாரித்துக்கொண்டு, தேதியும் துறையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "விலைவாசி பற்றி ஏதாவது இருக்கா" என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது.

தமிழில் வேண்டுமா? புதுச்சேரியில் பதினெட்டாம் நூற்றாண்டு என்றால் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. 1736-இல் தொடங்கும் அதில் துணி, தானிய வியாபாரப் பேச்சு வழி நெடுக வரும், தேடிப் பொறுக்க வேண்டும். தஞ்சை மராட்டிய அரண்மனையில் மோடி என்ற பழைய மராட்டி எழுத்தில் எழுதிய கணக்குகளைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மொழிபெயர்த்து வெளியிட்டிருக்கிறது. பழைய பத்திரிகைகளுக்கு தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். சுதேசமித்திரன் இதழ்கள் கண்ணில் பட்டால் தலையங்கத்தை விட்டுவிட்டு விளம்பரங்களைப் பாருங்கள்.

ஆவணத்தில் "பசலி 1286", "தாது வருஷம்" என்று இருந்தால் எந்த ஆண்டு?

பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வரிக்கணக்கு ஆண்டு, அதோடு 590 கூட்டுங்கள். பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும், ஆகவே தாது என்றால் 1816-ஆகவும் இருக்கலாம், 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். தாளில் ரூபாயா வராகனா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கணக்கு நோட்டில் எழுத்து மாதிரியும் இல்லாமல் எண் மாதிரியும் இல்லாமல் ஏதோ கிறுக்கல் இருக்கிறது.

கிறுக்கல் இல்லை, தமிழ்க் கணக்குக் குறிகள். ௹ ரூபாய், ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பின்னங்கள்தான் கண்ணைக் கட்டும்: அரை, கால், அரைக்கால், மாகாணி. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, அதை வீசம் என்றும் சொல்வார்கள், ரூபாயில் ஒரு மாகாணி சரியாக ஒரு அணா. இந்தக் கணக்குப் பழக்கம் உள்ளவர்களுக்கு அணா வந்தபோது ஒன்றும் சிரமம் இருந்திருக்காது. எழுத்து புரியாத வரியைக் கூட்டுத்தொகையிலிருந்து பின்னோக்கிக் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும்.

அரசுப் பட்டியல் விலையை அப்படியே நம்பலாமா?

போக்கைப் பார்க்க நம்பலாம், ஒரு வீட்டின் செலவைக் கணக்கிட வேண்டாம். தாசில்தார் கச்சேரி இருக்கும் ஊரின் விலைதான் பெரும்பாலும் மேலே போனது. உள் கிராமத்தில் கால்படியாகக் கடன் சொல்லி வாங்குபவர் கொடுத்த விலை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. செட்டில்மெண்ட் அறிக்கைகளில் வரும் நெல் விலையில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நிலவரி போடுவதற்காகப் பஞ்சமில்லாத 20 வருடங்களின் விலையைச் சராசரியாக்கி, வண்டிக் கூலி, வியாபாரி லாபம் என்று ஒரு பங்கைக் கழித்து வந்த எண் அது. அந்த விலைக்கு எந்தக் கடையிலும் யாரும் ஒரு மரக்கால் நெல் வாங்கியிருக்க முடியாது.

அரிசியைத் தவிர வேறு எந்தப் பொருளைத் தொடர்ந்து பார்க்கலாம்?

உப்பு. உப்பு விலையில் பெரும்பங்கு வரி, அந்த வரி என்றைக்கு எவ்வளவு என்பது அரசாணையில் துல்லியமாக இருக்கிறது. 1882-இல் (40 சேர், 80 தோலாக் கணக்கு) மணங்குக்கு 2 ரூபாய், 1888-இல் இரண்டரை. இரண்டரை ரூபாய் என்றால் 40 அணா, 40 சேருக்கு 40 அணா, ஆக ஒரு சேர் உப்பில் வரி மட்டும் ஒரு அணா. 1903-இல் 2 ரூபாயாகவும், 1905-இல் ஒன்றரையாகவும், 1907-இல் ஒரு ரூபாயாகவும் இறங்கியது. 1916-இல் ஒன்றேகால், 1923-இல் மறுபடி இரண்டரை, கூச்சல் கிளம்பியதும் அடுத்த வருடமே ஒன்றேகாலுக்குத் திரும்பியது. 1930-இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தபோது இருந்தது இந்த ஒன்றேகால்தான், ஒரு சேருக்கு அரையணா. பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் பணக்காரனும் கூலிக்காரனும் ஏறக்குறைய ஒரே அளவு உப்புத்தானே தின்கிறார்கள், சுமை யார் தலையில் கூடுதல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

துணி பக்கம் மட்டும் போகாதீர்கள் என்று சொல்வேன். "புடவை ஒன்று" என்று விலை இருக்கும், எத்தனை முழம், என்ன நூல், கைத்தறியா மான்செஸ்டர் சரக்கா என்று இருக்காது. மண்ணெண்ணெய்க்கு நான்கு காலன் டின் என்ற நிலையான அளவு இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை.

கூலி விவரம் எங்கே? ஆண் கூலி இத்தனை அணா என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

அந்த அணாக் கூலியை நம்பிப் பண்ணையாள் வாழ்க்கையை எழுதிவிடாதீர்கள். காவிரிப் பாசனப் பகுதியில் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது, அறுவடையில் களத்துக் கூலி தனி. நெல்லாக வாங்கியவருக்கு விலையேற்றம் உடனே உறைக்காது, ஆனால் துணிக்கும் உப்புக்கும் அந்த நெல்லைத்தான் அறுவடைச் சமயத்தின் மட்டமான விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கும். காசுக் கூலி வாங்கிய பட்டணத்துக்காரருக்கு நேர் எதிர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்ந்து 1918-இல் வெளியிட்ட தொகுப்பில் இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலாபுரம் போன்ற ஊர்கள் வருகின்றன. அதே ஊர்களை 1930-களில் மறுபடி ஆராய்ந்தார்கள். ஒரே ஊரை இருபது வருட இடைவெளியில் பார்க்கும் வாய்ப்பு அபூர்வம், விட்டுவிடாதீர்கள்.

எந்த வருடங்களில் விலை எகிறியது, எதை ஒதுக்க வேண்டும்?

ஒதுக்கவே கூடாது, அடையாளம் போட்டு வையுங்கள். 1876–78 தாது வருடப் பஞ்சம் முதலில். நிவாரண வேலைக்கு, பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் படித்தால்தான் அந்த எண்கள் பேசும். அப்புறம் 1918, முதல் உலகப்போரின் கடைசி. அந்த செப்டம்பரில் சென்னையில் ஜனங்கள் தானியக் கடைகளைச் சூறையாடினார்கள். 1930-க்குப் பிறகு இதற்கு நேர்மாறாக நெல் விலை படுத்துவிட்டது, வரியும் வட்டியும் மட்டும் படுக்கவில்லை. 1942-இல் ரங்கூன் விழுந்து பர்மா அரிசி வருவது நின்றதும் மறுபடி ஏற்றம், ரேஷன், கறுப்புச் சந்தை. 1943-க்குப் பிந்தைய கட்டுப்பாட்டு விலையைக் கடை விலை என்று எடுத்துக்கொள்வது அப்பாவித்தனம்.

அந்தக் காலத்து ஒரு ரூபாய் இன்றைக்கு எவ்வளவு?

ஒரே எண்ணாகப் பதில் கிடையாது. தங்கத்தில் பார்த்தால் 1899 முதல் ஒரு பவுனுக்கு அரசு விகிதம் 15 ரூபாய், இன்று நாம் சொல்லும் எட்டு கிராம் பவுன் அந்த சவரன் நாணயத்திலிருந்து வந்ததுதான். வெள்ளியில் பார்த்தால் ரூபாய் நாணயத்தில் 165 கிரெய்ன், அதாவது 10.7 கிராம் சுத்த வெள்ளி (1940-இல் பாதி வெள்ளியாகி 1947-இல் நிக்கலாகிவிட்டது). இரண்டு வழியிலும் வரும் விடைகள் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது, அரிசியில் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று வரும். நான் எப்போதும் செய்வது நாள் கூலியால் வகுப்பது. ஒரு வீசை வெல்லம் வாங்க எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்று அன்றைக்கும் இன்றைக்கும் கேளுங்கள். பவுண்டு ஸ்டெர்லிங்கில் மாற்றிப் பார்க்கும் வழி 1873-க்கும் 1899-க்கும் நடுவில் உதவாது, இரண்டு ஷில்லிங்குக்குப் பக்கத்தில் இருந்த ரூபாய் அந்தக் காலத்தில் பெரும்பாலும் சரிந்துகொண்டே போனது.

நாவலுக்கு ஒன்றிரண்டு நம்பகமான விலை போதும், ஆராய்ச்சி வேண்டாம்.

தபால் கார்டு. 1879-இல் காலணாவுக்கு வந்தது, 1922-இல் அரையணா ஆனது. இடைப்பட்ட எந்த வருடத்திலும் உங்கள் கதாபாத்திரம் தைரியமாகக் காலணாக் கார்டு எழுதலாம்.

யாழ்ப்பாணம், மலையகம் பற்றித் தேடுகிறோம். இதே வழிதானா?

வழி அதே, அலகு வேறு. இலங்கையில் 1825 வரை ரிக்ஸ் டாலர், பிறகு ஸ்டெர்லிங், 1872-இலிருந்து ரூபாய்க்கு நூறு சதம். இந்தியாவுக்கு 85 வருடம் முன்னாலேயே தசமக் கணக்கு வந்துவிட்டதால் அணா தொல்லை இல்லை. படிக்குப் பதில் கொத்து, புசல். 'புளூ புக்' என்ற குடியேற்ற அரசின் ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுதியில் விலையும் கூலியும் இருக்கும். தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் கவனம்: அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது, ஆகவே கடை விலையைவிட அந்தப் பிடித்த விலைதான் முக்கியம்.

வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டுகள் கிடைத்தன. என்ன செய்ய?

லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். வெளிச்சமான இடத்தில் வைத்து, வெற்றுப் பக்கங்களையும் அட்டையையும் சேர்த்து வரிசையாகப் படம் எடுங்கள், அட்டையில்தான் ஊரும் வருடமும் இருக்கும். கல்யாணச் சாமான் கணக்கு, சமையல்காரர் எழுதிய பட்டியல், மளிகைக்கடைப் பற்று வரவு எதையும் அற்பம் என்று தள்ளாதீர்கள், உண்மையில் கை மாறிய சில்லறை விலை கெஜட்டில் இல்லை, இவற்றில்தான் இருக்கிறது. வீட்டில் பழைய மரப்படியோ பித்தளைப் படியோ இருந்தால் அதில் தலைதட்டி அரிசி அளந்து, சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த எடையை நோட்டின் படங்களோடு சேர்த்து எழுதி வைத்துவிடுங்கள்.